பெட்டியோட நின்னவன்

ராஜ்கமலுக்கு அம்மா அங்கம்மாள் எழுதுறது. நீயும் மேனகாவும் பாப்பா அபியும் அந்த வெளிநாட்டுக் குளிர்ல நோய்நொடி இல்லாம இருக்கணும். நான் எப்படி இருக்கேன்னு நீ கேக்கல, அதனால சொல்லல. போன்ல பேசினா சரிம்மா சரிம்மான்னு வெச்சிடுவ, அதான் தப்போ தவறோ கையால எழுதுறேன், முழுசா படி.

உங்கப்பா போயி மூணு மாசம் ஆவுது. உன் தங்கச்சி சத்யப்பிரியா வேலைக்குப் போயிட்டா வீட்டுல நான் ஒருத்திதான், மீன் கூடையைத் தூக்கவும் மனசு வரல. நேத்துதான் மொதல் தடவையா அவரு கட்டில்ல படுத்தேன். எதிர்ல டிரங்குப் பெட்டி மேல அவரு செஞ்ச பொம்மைக் குப்பம் அப்படியே இருக்குது. கால் ஒடிஞ்சு கடலுக்குப் போவ முடியாத ரெண்டு வருசமும் ஐஸ் பெட்டி தெர்மாகோலை அறுத்து அறுத்து செஞ்சது. கருமாதி அன்னிக்கு நீ டேப்பை வெச்சு அளந்தியே, அதுதான். முன்னாடி நிக்கிற பொம்மை நெசத்துல இருபதுல ஒரு பங்கு, பின்னாடி நிக்கிறது எண்பத்தேழுல ஒரு பங்கு, ரெண்டையும் ஒண்ணா வெக்கிறது தப்பு, பார்க்கிறவன் சிரிப்பான்னு வந்த சனங்க எதிர்லயே சொன்ன. மொட்டைத் தலை காயறதுக்குள்ள அப்பன் வேலைக்கு மார்க்கு போட வந்துட்ட. கோடியில நின்ன அஞ்சு பொடி ஆளையும் பேத்து, என் பொம்மை ரயில் செட்டுக்கு ஆவும்னு பேப்பர்ல சுத்தி எடுத்துட்டுப் போயிட்ட. அந்த அஞ்சும் நீ அப்பாவுக்கு அங்கேருந்து அனுப்பின பொம்மைதான், இல்லன்னு சொல்லல.

நீ நின்னுக்கிட்டுப் பார்த்தடா. அவரு படுத்துக்கிட்டு செஞ்சாரு. தலகாணியில தலை வெச்சுப் பார்த்தா கிட்ட கூடையோட நான் நாலு விரக்கடை உசரம், நடுவுல படகுங்க சிறுத்துக்கிட்டே போவுது, கோடியில அலை தடுக்கிற கல்லுக்கட்டுல அந்த ஆளுங்க விரல் கணு அளவு. தூரத்துல இருக்கிறவன் சின்னதாத்தானே தெரிவான், இதை அஞ்சாவது படிச்ச நான் சொல்லித் தரணுமா உனக்கு. அதுல பெட்டியோட நின்னவன் யாருன்னு தெரியுமா. தீக்குச்சியால அவன் சட்டைக்கு நீலம் பூசினாரு, நீ ஊருக்குப் போன அன்னிக்குப் போட்டிருந்த சட்டை. இப்ப தூரத்துல இருக்கான், அவன் கிட்ட வர வர பெருசா செஞ்சு முன்னாடி நவுத்திக்கலாம்னு என்கிட்ட சொன்னாரு. கால் ஒடிஞ்சப்ப நீ வரல, பொணத்துக்குத்தான் வந்த. வந்து உன்னையே பேத்து எடுத்துட்டுப் போயிட்ட. எதிர்வீட்டு அய்யப்பன் மாமா, என்ன அங்கம்மா, கல்லுக்கட்டுல ஒரு சனத்தையும் காணோம், போலீஸ் வெரட்டிடுச்சான்னு கேலி பண்றாரு. எனக்குச் சிரிப்பு வரல.

அபிக்குச் சளி புடிச்சிருக்குன்னு சத்யா சொன்னா, தயிர் குடுக்க வேணாம்னு மேனகாகிட்ட சொல்லு, அவ மேல எனக்குக் கோவம் இல்ல. மத்த நாலு பேரை நீயே வெச்சுக்கோ, உன் ரயில்ல ஏத்திக்கோ. பெட்டி வெச்சவனை வருசத் திதிக்கு எடுத்துட்டு வந்து உன் கையால ஒட்டு. தபால்ல அனுப்பினா பிரிக்கவே மாட்டேன். அதுவரைக்கும் அந்த இடத்துல ஒரு கொட்டைப்பாக்கை வெச்சிருக்கேன். அது அவனைவிடப் பெருசு, படுத்துப் பார்த்தா நீ பாதி தூரம் வந்துட்ட மாதிரி இருக்குது. அந்தப் பொய்யைப் பார்த்துக்கிட்டு எத்தினி நாள் படுத்திருப்பேன்.

மூணு பேரும் நூறு வயசு இருங்க, கோவத்துல சொன்னாலும் பெத்தவ வாக்கு. எடுத்துட்டு வரும்போது பேப்பர்ல சுத்தாத, நீலம் உரிஞ்சிடும், பஞ்சுல வெச்சுக் கொண்டா.

உன் அம்மா
அங்கம்மாள்
குருசுக்குப்பம்