பிந்தாங் லாவுட் திரும்பாத திங்கட்கிழமை

இயேசு மரி சூசை துணை

ஓவன் ரோடு, சிங்கப்பூர்
9 ஜூலை 1961, ஞாயிறு

அன்பு மகள் உர்சுலாவுக்கு,

அப்பா எழுதுவது. சர்வேசுரன் தயவில் இன்று காலைப் பூசைக்கு நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகப் போய் வந்தோம், மூவரும் சுகம், நீயும் அந்தக் குளிர் தேசத்து ஆஸ்பத்திரி வேலையில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் சுகமாக இருக்க வேண்டிக்கொண்டோம். நீ இரண்டு கடிதம் போட்டும் ஒரு மாதமாக இங்கிருந்து பதில் இல்லை. கோபம் எதுவும் இல்லை அம்மா, எழுதக் கை ஓடவில்லை. மூன்று தடவை பேனாவை எடுத்துவிட்டு மூடி வைத்தேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் தங்கை அற்புதம் நன்றாக இருக்கிறாள், பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள், அவள் முணுமுணுத்துப் பாடுவது எனக்குக் கேட்கிறது. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

இந்த வருஷ ஆரம்பத்தில் ஒரு சங்கம் ஏற்பட்டது. காட்டுமரம் ஏற்றிக்கொண்டிருந்த தொங்கான் என்கிற பழைய மரக்கப்பல் ஒன்றை வாங்கிப் பழுது பார்த்து, பாய் விரித்து ஓடுகிற பழைய முறையிலேயே வாலிபப் பிள்ளைகளுக்குக் கடல் பழக்குவது என்று ஏற்பாடு. கப்பலுக்கு பிந்தாங் லாவுட் என்று பெயர். மலாயில் கடலின் நட்சத்திரம், நம் தேவமாதாவின் பட்டப்பெயர்களில் ஒன்று, அதனாலேயே எனக்கு அதன்மேல் ஒரு நம்பிக்கை. சீனர், மலாய்க்காரர், நம்மவர் என்று பன்னிரண்டு பேர், அதில் மூன்று பெண் பிள்ளைகள், ஒரே பானைச் சோறு, ஓட்டுவதற்கு நூர்தீன் என்று ஒரு மலாய்க்காரர், வாழ்நாளெல்லாம் பாய்மரக் கப்பலிலேயே இருந்தவர். அற்புதம் ஞாயிறுதோறும் போனாள். மூன்று மாதத்தில் அவள் நடையே மாறிவிட்டது. ஆசிரியர் பயிற்சியில் பத்துப் பேர் முன்னால் நின்று பேச நடுங்கிய பெண், கப்பலில் பையன்களைப் பார்த்து கயிற்றை இழுக்கச் சொல்லிக் கத்துகிறாள் என்று சங்கத்துச் செயலாளர் சுப்பிரமணியம் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதுவரை கரையோரமாகவே ஓடினார்கள். ஜூன் விடுமுறையில் ஜொகூருக்குக் கிழக்கே திங்கித் தீவு வரை போய் வர நான்கு நாள் பயணம், பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்று தாள் கொண்டு வந்து நீட்டினாள். துறைமுகக் கிடங்கில் இருபத்திரண்டு வருஷம் கணக்கெழுதும் கிராணி வேலை பார்க்கிறேன், தினமும் கப்பல் முகத்தில்தான் விழிக்கிறேன், ஆனால் ஒரு சின்னச் சம்பான் படகில்கூட நான் ஏறியதில்லை என்பது உனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. பயப்படுகிறேன் என்று மகள் நினைத்துவிடுவாளே என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அதைவிடப் பெரிய பிழை ஒன்றும் செய்தேன். உன் அம்மாவிடம் சாங்கிக் கடற்கரையில் முகாம் என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கப்பல் கரையைத் தொட்டபடியே போகிறது என்பதைக்கூட அவள் அரைமனதாகத்தான் பொறுத்துக்கொண்டிருந்தாள். ஜப்பான்காரன் வந்த சமயம், அவள் கூடப்பிறந்த உன் ஜார்ஜ் மாமா ஏறிப்போன கப்பல் குண்டு விழுந்து மூழ்கியபோது உனக்கு மூன்று வயது, அற்புதம் வயிற்றில் இருந்தாள். அதிலிருந்து பஸ் கடலோரமாகப் பீச் ரோட்டில் போனால் உன் அம்மா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்கிறவள். அவளிடம் எப்படிச் சொல்ல? அற்புதத்திடம் அம்மாவுக்குத் தெரியும் என்று சொன்னேன். ஒரே நாளில் இரண்டு பேரிடம் பொய். வெள்ளிக்கிழமை காலை அம்மா புளிச்சாதம் கட்டிக் கொடுத்து, சிரித்துக்கொண்டே வழியனுப்பினாள்.

திங்கட்கிழமை விடியும் நேரம் சுமத்ராப் பக்கத்திலிருந்து ஒரு காற்று வந்தது. இங்கே வருகிற வழக்கமான காற்று இல்லை. நம் வீட்டுக்குக் கீழே சேக் தாவூது கடையின் தகரக் கூரை பெயர்ந்து ரோட்டில் போய் விழுந்தது. அம்மா ஜன்னலைச் சாத்திக்கொண்டே, முகாம்ல புள்ளைங்க நனைஞ்சிருக்கும் பாவம் என்றாள். அன்று மதியம் பன்னிரண்டு மணிக்குக் கப்பல் தஞ்சோங் ரூ கடற்கரைக்கு வர வேண்டும். வேலையிலிருந்து பாதியில் கிளம்பி நான் போனபோது மணி நாலு. கப்பல் இல்லை. மற்றப் பெற்றோர்கள் கூடி நின்றார்கள். சுப்பிரமணியம் என்னிடம் வந்து, காத்து இல்லாம எங்கயாவது நின்னிருக்கும் சார், பயப்படாதீங்க லா என்றார், சொல்லும்போதே சுருட்டுக்கு நெருப்பு வைக்க அவரால் முடியவில்லை, குச்சி குச்சியாகக் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தார். கடல் போலீசுக்குச் சொல்லியாயிற்று, இரண்டு படகு தேடப் போயிருக்கிறது என்றார்.

வீட்டுக்கு வந்தேன். அற்புதத்துக்கு என்று தட்டில் சோறு போட்டு மூடி வைத்திருந்தது. முகாம் லாரி லேட்டா என்று அம்மா கேட்டாள். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுவாள், என்னை அடித்தாலும் அடிப்பாள் என்று நினைத்தேன். ஒன்றும் செய்யவில்லை. அடுப்பை அணைத்தாள், செருப்பைப் போட்டாள், எந்த இடம்னு காட்டுங்க என்றாள், அவ்வளவுதான். பத்தொன்பது வருஷம் கடலைப் பார்க்காதவள், தஞ்சோங் ரூவில் மணலில் போய் உட்கார்ந்து கண்ணை எடுக்காமல் பார்த்தாள். இருட்டியபின் சுப்பிரமணியம் வற்புறுத்தி எங்களை அனுப்பினார். செவ்வாய் விடிந்ததும் மறுபடி அங்கேயே. அன்று அந்தோனியார் திருநாள். பூசைக்குப் போகலாமா என்று கேட்டேன். நீங்க போங்க, இங்க ஒரு ஆள் இருக்கணும், அவ வர்றப்ப கரையில யாரும் இல்லாம இருக்கக் கூடாது என்றாள். நான் லூர்து மாதா கோயிலுக்குத் தனியாகப் போனேன். என்ன மன்றாடினேன் என்று எனக்கே தெரியாது மகளே, பிள்ளையைக் கேட்டேனா, என்னை மன்னிக்கக் கேட்டேனா, முழந்தாளிட்டு இருந்ததுதான் ஞாபகம் இருக்கிறது. திரும்பி வந்தபோது, தேடப் போன படகுகளில் ஒன்று உடைந்த பலகை கண்டதாக யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மா காதிலும் அது விழுந்தது. ஜெபமாலையை உருட்டுவதை நிறுத்தவில்லை, ஆனால் உதட்டில் சத்தம் நின்றுவிட்டது.

மாலை நாலு மணி இருக்கும். ஒரு டாக்சி வந்து நிற்பதற்குள் கதவைத் திறந்துகொண்டு சேக் தாவூது இறங்கி ஓடி வந்தார். அந்தப் பெருத்த உடம்போடு அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. அற்புதம் நல்லா இருக்கும்மா, கடை போன்ல அதுவே பேசுச்சு, எல்லாப் புள்ளைங்களும் இருக்குதாம், ஒண்ணும் குறையலையாம் என்று தூரத்திலிருந்தே கத்தினார். நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். உன் அம்மா எழுந்து போய் மற்றத் தாய்மார்கள் ஒவ்வொருவரிடமும் அவர்களுக்குப் புரிகிற பாஷையில், எல்லாப் பிள்ளையும் இருக்கு, எல்லாப் பிள்ளையும் இருக்கு என்று சொன்னாள்.

நடந்ததை அற்புதம் வந்து சொன்னாள். காற்று அடித்தபோது நூர்தீன் பாயை இறக்கச் சொல்லி, பாதி இறங்குவதற்குள் பெரிய பாய்மரம் முறிந்து, பாய் கட்டிய கழி அவர் தோளில் விழுந்து எலும்பு உடைந்துவிட்டது. வலியில் நினைவு தப்பித் தப்பி வந்ததாம். காற்று கப்பலைக் கிழக்கே தள்ளிக்கொண்டு போய், மழை விட்டபோது எந்தப் பக்கமும் கரை தெரியவில்லை. உள்ளே முழங்கால் தண்ணீர், சோற்றுப் பானையால் முறை வைத்து இறைத்தார்கள். ஆள் வரும்வரை அப்படியே மிதக்கலாம் என்று சில பேர் சொன்னார்களாம். இவள்தான், குடிக்கிற தண்ணி நாளைக்கு வரைக்கும்தான் இருக்கு, முன் மரம் நல்லா இருக்கு, சின்னப் பாயை அதுல கட்டுவோம், கரை மேக்கதான, சூரியனைப் பார்த்துப் போகலாம் என்று சொல்லியிருக்கிறாள். சுக்கானை அவளும் ஒரு சீனப் பெண்ணுமாக மாறி மாறிப் பிடித்து, ஒன்றரை நாள் கழித்து செடிலி என்கிற மீன்பிடிக் கிராமத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். பயமாக இல்லையா என்று கேட்டேன். இருந்துச்சுப்பா, வாந்தி வர்ற அளவுக்கு இருந்துச்சு, ஆனா கை காலியா இல்லையே என்றாள். அவள் இரண்டு உள்ளங்கையும் தோலுரிந்து சிவந்து கிடந்தது, அம்மா தினமும் மருந்து போட்டுக் கட்டினாள். நூர்தீனை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். தோளுக்குக் கட்டுப் போட்டிருக்கிறார்கள், பிழைத்துக்கொண்டார், இனி முன்போல் கயிறு இழுக்க முடியுமா தெரியவில்லை.

அம்மா பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. வேளைக்குச் சாப்பாடு வந்தது, சட்டை இஸ்திரி ஆகி வந்தது, பேச்சு மட்டும் இல்லை. பிறகு ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே, கப்பல்ல அனுப்பினதுக்கு எனக்குக் கோபம் இல்ல, எங்கிட்ட சொல்லியிருந்தா வெள்ளிக்கிழமையிலேருந்து நானும் வேண்டிக்கிட்டு இருந்திருப்பேன்ல, புள்ள அங்க உசுருக்குப் போராடுது, நான் இங்க தேக்கா மார்க்கெட்டுல வெண்டைக்காய் விலை பேசிச் சிரிச்சிட்டு இருந்திருக்கேன் என்றாள். காற்று கொஞ்சம் வேகமாக அடித்தால் இப்போதும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். கிடங்கில் கப்பல் சங்கு ஊதினால் எழுத்து கோணிப்போகிறது.

இதற்குள் சங்கம் புதுப் பாய்மரம் நட்டுக் கப்பலைச் சரி செய்துவிட்டது. பன்னிரண்டு பேரில் நாலு பேர் விலகிவிட்டார்கள், அற்புதம் விலகவில்லை. அடுத்த மாதம் மலாக்கா வரை போகிறார்கள், அவளும் போகிறாள், இதை மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்தோம். நேற்று மரத்தைச் சோதிக்க ஒரு மணி நேரம் ஓட்டினார்கள், பெற்றோரும் வரலாம் என்றார்கள். நாங்கள் இருவரும் போனோம். உனக்கு மறைக்காமல் எழுதுகிறேன், பலகையில் ஒரு காலை வைத்தேன், கீழே தண்ணீர் அசைந்தது, மற்றக் காலை எடுக்க முடியவில்லை. பின்னால் நின்ற உன் அம்மா என்னை மெதுவாக விலக்கிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறிப் போய்விட்டாள். நான் கரையில் நின்றேன். அந்தப் பழுப்புப் பாய் சின்னதாகிக்கொண்டே போய், பெரிய கப்பல்களுக்கு நடுவே மறைந்து, திரும்பி வருகிறவரை என் சட்டை தெப்பமாக நனைந்துவிட்டது, வெயிலால் இல்லை. என் வீட்டில் இருக்கிற இரண்டு பேரும் அதில் இருந்தார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை உன் அம்மா மணலில் எப்படி உட்கார்ந்திருந்தாள் என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

தங்கைக்கு ஒரு கடிதம் தனியாக எழுது, கண்டித்து எழுதாதே. பூசையை விடாதே, குளிருக்கு முன்பே கம்பளிக் கோட்டைத் தைக்கக் கொடு. ஒன்றை மட்டும் மறக்காதே. அங்கே எது செய்வதானாலும், எங்கே போவதானாலும், போவதற்கு முன்னால் எழுது. அப்பாவுக்குப் பயம், அம்மா தாங்கமாட்டாள் என்று நீயாக முடிவு செய்து எதையும் மறைக்காதே. பயப்பட வேண்டியிருந்தால் தெரிந்தே பயப்படுகிறோம். தேவமாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். அம்மா இரண்டு வரி எழுத இடம் விடச் சொன்னாள்.

உன் அன்பு அப்பா,
ம. சவரிராஜ்

உர்சுலா கண்ணு, நான் கப்பலில் ஏறியதை அப்பா பெரிதாக எழுதியிருப்பார். ஏறினதிலிருந்து இறங்குகிறவரை நான் கண்ணைத் திறக்கவே இல்லை. இதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை, உறையை ஒட்டுவதற்கு முன் படிக்கக் கொடுக்கப் போகிறேன். வேளைக்குச் சாப்பிடு. அம்மா.