ஒரு பூங்கா போதும், அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா? நான் நலம்.

நீங்கள் இருவரும் முதல்முறை இங்கே வரும்போது, இந்த ஊரின் மூன்று கேளிக்கைப் பூங்காக்களுக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நேற்று என் டிக்கெட் கவுன்ட்டரில் ஒருவர் அதையேதான் கேட்டார். அவர் மனைவி, "ஓடி ஓடிப் பாக்க பந்தயத்துக்கா வந்திருக்கோம்? ஒண்ணு மட்டும் குடும்மா" என்றார்.

வேலை முடிந்து போகையில் பார்த்தேன். அவர்களுடைய பிள்ளைகள் இறங்கியும் ராட்டினத்தை விட்டு அந்தக் கணவர் இறங்கவில்லை. "இன்னும் ஒரே ஒரு சுத்துடி!" என்று கீழே நின்ற மனைவியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாளின் தெளிவை வியந்துகொண்டே அறைக்கு நடந்தேன்.

நமக்கும் ஒன்று போதும். மற்ற நாட்களில் என் அறையிலேயே இருங்கள். நம் சீட்டுக்கட்டை மறக்காமல் எடுத்துவாருங்கள். இங்கே என்னை ஏமாற்றி ஜெயிக்க ஆளில்லை.

கவுன்ட்டர் திறக்கிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் மகள்