அக்காவின் மூக்குக் கண்ணாடி

மார்ச் 3, திங்கள்
அக்காவைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் இன்றும் தலையணை உறையை உள்பக்கம் வெளியே தெரிய, உள்வெளியாக மாட்டியிருந்தாள். கேட்டால், "பெரியம்மாவே சும்மா இருக்காங்க, உங்களுக்கு என்னம்மா?" வாய் காது வரை!

அக்கா வழக்கம்போல மூக்குக் கண்ணாடியோடு தூக்கம். இல்லாவிட்டால் கனவு மங்கலாகத் தெரியுமாம். ஊசியைப் பார்க்கப் பயம். அதற்கு மட்டும் கழற்றிப் பெட்டிக்குள் வைப்பாள். அந்த ஊசியையும் டாக்டர்தான் போட வேண்டும். நர்ஸ் ஊசியோடு வந்தால் போர்வைக்குள் போய்விடுவாள்.

மார்ச் 5, புதன்
அத்தானின் கடைசி மருந்துச் சீட்டு அக்காவுக்குக் கிடைத்திருக்கிறது. டாக்டர் எழுதிய அளவு தவறாம். அதில்தான் அத்தான் போனாராம்.

"வெள்ளிக்கிழமை மேலிடத்துக்கு எழுதிப் போடறேன்டி."

"அவர்கிட்டயே ஊசியும் போட்டுக்கிட்டு, அவர் மேலயே புகாரா?"

"புகார் வேற, ஊசி வேற."

முப்பது வருடம் நம் குடும்பத்தைப் பார்த்தவர். முதலில் அவரைக் கேட்பதுதானே முறை? மாலையில் நானே அவருக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்
அக்கா போய்விட்டாள்.

மார்ச் 7, வெள்ளி
நேற்று மதியம் நான் தையல்காரரிடம் போயிருந்தேன். நர்ஸ் மொட்டை மாடியில் துணி காயப்போட்டாளாம். கூப்பிட்டு அனுப்பிய பிறகு வந்த டாக்டர், "மாத்திரைய மாத்திக் கொடுத்துட்டா போல" என்றார். போலீஸுக்கும் சொன்னார். இன்ஸ்பெக்டர் கேட்டபோது நானும் தலையை ஆட்டினேன். கவனமில்லாதவள் என்றேன். தலையணை உறையைக்கூடச் சொன்னேன்.

ஜீப்பில் ஏறும்போது, "நீங்களாவது நம்புங்கம்மா" என்றாள் நர்ஸ். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மார்ச் 9, ஞாயிறு
அக்காவின் கட்டிலை ஒழுங்கு செய்தேன். புத்தகம் பாதியில் கவிழ்ந்து கிடக்கிறது. கண்ணாடி — பெட்டிக்குள். பெட்டி மூடியிருக்கிறது.

பெட்டியை மறுபடி மூடி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

மாலையில் டாக்டர் என் பிரஷரைப் பார்க்க வந்தார். கையை நீட்டினேன்.

"அக்கா கண்ணாடி பெட்டிக்குள்ள இருந்துது, டாக்டர்."

"தூங்கறப்ப கழட்டியிருப்பாங்க."

"தூங்கறப்ப கழட்டவே மாட்டா. ஊசிக்குத்தான் கழட்டுவா. உங்களுக்குத் தெரியாதா?"

காற்றடித்துக்கொண்டிருந்த அவர் கை நின்றுவிட்டது. பிரஷர் எவ்வளவு என்று சொல்லாமலே போனார்.

மார்ச் 10, திங்கள்
ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. தவறு செய்தவள் எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்றுதான் கான்வென்ட்டில் பழக்கினார்கள். போன் செய்ததையும் தலையாட்டியதையும் நின்றபடியே சொன்னேன். பிறகு கண்ணாடியைச் சொன்னேன்.

"கையில ஊசித் தடம் இருந்துது. நர்ஸ் போட்டதுன்னு நெனச்சோம்" என்றார்.

"அவ கையால என் அக்கா ஒரு ஊசிகூடப் போட்டுக்கிட்டதில்ல."

எழுதிக்கொண்டார். நர்ஸ் கவனமில்லாதவள் என்று நான் சொன்ன வாக்கியத்தைத் திருத்தச் சொன்னேன். திருத்தினார்.

ஆனால் அந்த போன்? அதை எந்தக் காகிதத்தில் திருத்துவது?

மார்ச் 12, புதன்
டாக்டரின் பையைப் போலீஸ் எடுத்துப் போனது. பின்னாலேயே டாக்டரையும்.

மார்ச் 13, வியாழன்
ஸ்டேஷன் வாசலில் நர்ஸிடம், "தப்பு என்னோடது. என்கிட்டயே வந்துடு" என்றேன்.

"தலையணை உறைய யாரு மாட்டறதாம்?"

"நீதான்."

ஏப்ரல் 22, செவ்வாய்
புது டாக்டர் எனக்கு ஊசி போட வந்தாள். சின்னப் பெண். "பயமா இருந்தா அந்தப் பக்கம் திரும்பிக்கோங்கம்மா" என்றாள். திரும்பவில்லை. என் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மருந்தின் பெயரைப் படித்த பிறகே கையைக் கொடுத்தேன். இன்னொரு கையை நர்ஸ் பிடித்திருந்தாள்.

தலையணை உறை இன்றும் உள்வெளிதான். அப்படியே படுத்துக்கொண்டேன்.