கையில் வாங்கிய முகம்

ஜூன் 3, திங்கள். திருப்பதி

இன்று புடலங்காய். நறுக்குவதற்கு முன் தினம் ஒரு காயை வரைந்துவிட வேண்டும் என்பது நானே போட்டுக்கொண்ட சட்டம். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இது எத்தனை நாளைக்கு?" என்றார். கேட்கத்தான் செய்வார். வீணை பரணில் ஏறிவிட்டது. தையல் மெஷின்மேல் துணி காய்கிறது. மாடித் தோட்டத்தில் தொட்டிகள் மட்டும் இருக்கின்றன. அலர்மேலுவைச் சித்தூரில் கட்டிக்கொடுத்த பிறகு பகல் நீண்டுபோய்விட்டது. ஒன்றையாவது விடாமல் செய்து பார்க்க வேண்டும். எதற்கு என்றுதான் தெரியவில்லை.

ஜூன் 9

வெண்டைக்காய். காம்புப் பக்கம் மட்டும் தேவலை.

ஜூன் 14, வெள்ளி

துலுக்காணத்தின் வண்டியில் கத்தரிக்காய்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னாம்மா, துன்றதுக்கு வாங்கறீங்களா, இல்ல பொண்ணு பாத்துக்கினு கீறீங்களா?" என்றான். போனில் சொன்னதும் அலர்மேலு அப்படிச் சிரித்தாள். ஏழாம் மாதம், சிரித்தாலும் மூச்சு வாங்குகிறதாம்.

ஜூன் 20, வியாழன்

தப்பு பண்ணிவிட்டேன். தீர்த்தமாடி, மடிப்புடவையோடு தளிகைக்கு நுழைந்தவள், கத்தரிக்காய்மேல் ஜன்னல் வெளிச்சம் விழுந்ததைப் பார்த்து அப்படியே வரைய உட்கார்ந்துவிட்டேன். முடித்த பிறகுதான் உறைத்தது. பிரஷ் ஏதோ மிருகத்தின் மயிர், மடி போயிற்று. மறுபடி குளித்திருக்க வேண்டும். நேரமாகிவிட்டதே என்று குளிக்காமலே சமைத்துப் பெருமாளுக்கும் கண்டருளப் பண்ணிவிட்டேன்.

அவர் இலையில் உட்கார்ந்ததும் மனசு கேட்கவில்லை, சொல்லிவிட்டேன். கோயில் மடப்பள்ளியில் கைங்கர்யம் பண்ணுகிறவர். கோபிக்கவில்லை. சாப்பிடாமல் எழுந்துபோனார்.

ஜூன் 27. சித்தூர்

குழந்தை போய்விட்டது. பெண். வயிற்றிலேயே.

அலர்மேலு மயக்கத்தில் இருந்தாள். மாப்பிள்ளை ரகுராம், பார்க்க மாட்டேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். துணியில் சுற்றி என் கையில்தான் கொடுத்தார்கள். கொஞ்ச நேரம். பிறகு புதைக்க எடுத்துப் போய்விட்டார்கள். என்னால எழுத முடியல.

ஜூலை 1, திங்கள். திருப்பதி

அந்தக் கத்தரிக்காயா? அந்த பிரஷா?

அவரிடமே கேட்டேன். "நான் மடியில பிரஷைத் தொட்டதுனாலயா?"

"சம்பந்தம் இல்லைன்னு என் வாயால சொல்லணுமா?"

சொன்னா என்ன — பொய்யாவாவது சொல்லித் தொலைச்சா என்ன? பிரஷ், கலர் எல்லாத்தையும் குப்பை வண்டியில போட்டேன். இனிமே தொடமாட்டேன்னு பெருமாள்கிட்ட சொல்லிட்டேன்.

ஜூலை 12. திருப்பதி

அலர்மேலுவை அழைத்து வந்துவிட்டோம். பேச்சே இல்லை. பால் கட்டிக்கொண்டு வலியில் துடிக்கிறாள். குடிக்கத்தான் ஆள் இல்லை.

ஜூலை 30, செவ்வாய்

இன்று வாயைத் திறந்தாள். "நீ மட்டுந்தானேம்மா பாத்தே. வரைஞ்சு காட்டு."

போட்டோ எடுக்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. "எனக்குக் காய்தான்டி வரைய வரும். அதுவும் இனிமே தொடறதில்லைன்னு வேண்டிண்டிருக்கேன்."

"யார்கிட்ட வேண்டிண்டே?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஜூலை 31

பென்சிலால் வரைந்தேன். பெருமாள் என்ன செய்வாரோ செய்யட்டும். செய்வதற்கு இனி என்ன மிச்சம்? நெற்றி வந்தது. மூக்கு வரவில்லை.

ஆகஸ்ட் 9

உதடு பரவாயில்லை. மூக்கு வரவில்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

காலையில் அவரே தீர்த்தமாடி வந்து அடுப்பை ஏற்றினார். நான் பென்சிலைப் போட்டுவிட்டு எழுந்தேன். "நீ வரை. தளிகையை நான் பாத்துக்கறேன்" என்றார். முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். சாத்துமதில் உப்பு கொஞ்சம் தூக்கல். மூன்று பேரும் சாப்பிட்டோம்.

செப்டம்பர் 18, புதன்

ஒருநாள்கூட விடவில்லை. என் ஆயுளில் எதையும் இப்படி விடாமல் செய்ததில்லை. அலர்மேலு பக்கத்தில் வந்து உட்காருகிறாள். இரண்டு வேளை சாப்பிடுகிறாள்.

இன்று மூக்கு வந்துவிட்டது. அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"இப்படித்தான் இருந்தாளா?"

"இப்படியேதான்" என்றேன்.

படத்தை மடியில் வைத்துக்கொண்டு, பிறகு முதல்முறையாக வாய்விட்டு அழுதாள்.

எனக்குத் தெரியவில்லை. தினம் தினம் வரைந்து வரைந்து, அன்று கையில் வாங்கிப் பார்த்த முகம் எனக்கு மறந்தே போய்விட்டது. கண்ணை மூடினால் நான் வரைந்ததுதான் வருகிறது. அதை அவளிடம் சொல்லப் போவதில்லை.