ஒரு படித் தவிடு

உறையூர், 7.8.1961

அம்மாவுக்கு மகள் செல்லக்கிளி கும்பிட்டு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? பச்சைமலையில் மழை உண்டா?

பிள்ளைக்குக் கக்குவான் இருமல் வந்து தேறிவிட்டது, கவலைப்படாதே. மருந்துக்குக் கேட்காமல் மூச்சு அடைத்தபோது, நீ சொல்வாயே, அதுபோல் அவனைத் தவிட்டுக்கு விற்றேன். நம் பிள்ளை இல்லையென்றால் எமன் விட்டுவிடுவான் அல்லவா? பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா ஒரு படித் தவிடு கொடுத்து வாங்கினாள். அவளுக்குப் பிள்ளை கிடையாது. நான் சுருட்டுச் சுற்றப் போகும்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். வேறு பெயர் வைத்திருக்கிறாள். அந்தப் பெயருக்குத்தான் இப்போது திரும்பிப் பார்க்கிறான்.

தவிட்டைத் திருப்பிக் கொண்டுபோனேன். “வித்த புள்ளைய யாராச்சும் திருப்பிக் கேப்பாங்களா?” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் தவிட்டை வாங்கிக்கொள்ளாமல் நான் பிள்ளையை எடுத்தால் நோய் திரும்பிவிடுமே, அம்மா.

வெள்ளிக்கிழமை அவள் வீட்டார் வீடு மாறுகிறார்களாம். எந்த ஊர் என்று சொல்லவில்லை. நேற்று அவள் கட்டிவைத்த பெட்டியில் பிள்ளைக்குப் பால் புகட்டும் பாலாடை இருந்தது.

கொஞ்சம் சாமை கொண்டுவா. வியாழக்கிழமை பஸ்ஸிலேயே வா. நீ பேசினால் கேட்பாள்.

பிள்ளை அழுகிறான், முடிக்கிறேன். இல்லை, அழுகை நின்றுவிட்டது. அவள் தூக்கிவிட்டாள்.

செல்லக்கிளி