ஜூனிப்பரின் நெற்றிச் சுட்டி

ஓவன்ஸ் பள்ளத்தாக்கு, கலிபோர்னியா
செப்டம்பர் 14, 1971

அன்புள்ள ஓபலுக்கு,

குதிரைக்கார எஸ்ராவின் வணக்கம். சொல்வது நான், எழுதுவது தபால் ஆபீஸ் டெல்ஃபின். எனக்கு இன்னும் எழுத்து வந்தபாடில்லை. உடம்பு நன்றாக இருக்கிறது. முழங்கால் மட்டும் பேச்சைக் கேட்பதில்லை. மொன்டானாவில் குளிர் தொடங்கியிருக்கும். இடுப்புக்கு ஒத்தடம் கொடுத்துக்கொள்.

1936 கோடையில் நாம் இங்கே எடுத்த கணவாய்ச் சண்டைப் படத்துக்கு எங்கள் ஊர்ச் சங்கத்தார் விழா எடுக்கிறார்கள். அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை, இரட்டைப் பாறையடியில் வெண்கலப் பலகை பதிக்கப்போகிறார்கள். அதில் இருப்பதை டெல்ஃபின் வாசித்துச் சொன்னாள். கதாநாயகன் கிளைவ் ரென்விக் குதிரையோடு தாவிய இடம் என்று இருக்கிறதாம்.

நேரே சங்கத் தலைவர் வாலஸிடம் போய், தாவியது ஓபல் என்றேன். அவர் சிரித்தார். "பெரியவரே, எல்லாச் சாகசமும் நானேதான் செஞ்சேன்னு ரென்விக்கே பேப்பர்ல சொல்லியிருக்காரு. நீங்க அன்னிக்கு எத்தனை கிளாஸ் போட்டிருந்தீங்க?"

ரென்விக் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அப்படிச் சொல்லவைத்தது படக் கம்பெனி. அவருக்குப் பதிலாக நீ தாவ வேண்டுமென்று உனக்கு மீசை ஒட்டியபோது, "என்னைவிட உனக்குத்தான் இது எடுப்பா இருக்கு, ஓபல்" என்றவரும் அவர்தானே. "அப்ப கதாநாயகியையும் எனக்கே விட்டுடுங்க சார்" என்றாய் நீ. எங்கள் பயூட் பழங்குடி ஆட்கள் இருபது பேருக்கு அன்று தலைப்பாகை கட்டி இந்தியா தேசத்து மலைவாசிகளாக நிறுத்தியிருந்தார்கள். "பொறந்ததுலேர்ந்து நம்மள இந்தியன்னு கூப்பிட்டவங்க, இன்னிக்குத்தான் துணி எடுத்துக் குடுத்திருக்காங்க" என்று என் அண்ணன் சொல்ல, குதிரைகள் மிரளும்படி சிரித்தோம்.

ஓபல், தாவியது நீதான் என்பதற்குச் சாட்சி அந்தப் படத்திலேயே இருக்கிறது. போன ஞாயிறு பள்ளிக்கூட மண்டபத்தில் போட்டார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். ரென்விக்கின் குதிரைக்குப் பிறவியிலேயே நெற்றியில் வெள்ளைச் சுட்டி. உன் குதிரை ஜூனிப்பருக்குக் கிடையாது, அதற்குச் சுட்டி வரைந்தவன் நான். பாறைக்கும் பாறைக்கும் நடுவே குதிரை அந்தரத்தில் இருக்கும்போது, அந்த வெள்ளை கரைந்து வலது கன்னத்தில் நூலாக வழிகிறது. ஜூனிப்பர் உன்னைத் தவிர யாரையும் முதுகில் ஏற்றாது என்பது இந்தப் பள்ளத்தாக்குக்கே தெரியும். வேறென்ன சாட்சி வேண்டும்?

அப்படியானால் முப்பத்தைந்து வருடமாக ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பாய். இந்த இடத்தில் டெல்ஃபின் பேனாவை வைத்துவிட்டாள். "இதையும் எழுதணுமா பெரியவரே?" என்றாள். "எழுதும்மா" என்றேன்.

குதிரைக்குச் சுட்டி வைப்பதென்றால் மருந்து தடவி முடியை வெளுக்கவைக்க வேண்டும். அதற்கு இரண்டு நாள் பிடிக்கும். தாவல் திங்கட்கிழமை என்று சொல்லியிருந்தார்கள். மேகம் வருகிறதென்று டைரக்டர் அதை முந்தின சனிக்கிழமைக்கே இழுத்துவிட்டார். "டேய் எஸ்ரா, குதிரை எங்கடா? வெயில் உனக்காக நிக்குமா?" என்று ஒலிபெருக்கியில் ஒரே கூச்சல். லாயத்துச் சுவருக்கு அடிக்க வைத்திருந்த சுண்ணாம்பைக் குழைத்து நெற்றியில் பூசிவிட்டேன். பாறைக்கு முன்னால் ஓடையைக் கடக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பத்து நிமிஷம் தாங்காதா என்று நினைத்தேன்.

தாங்கவில்லை. ஓடைத் தண்ணீர் தெறித்து, சுண்ணாம்பு அதன் கண்ணுக்குள் இறங்கிவிட்டது. அதனால்தான் கால் ஊன்றும்போது தலையை உதறியது. அதனால்தான் நீ விழுந்தாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, "கடிவாளத்த நான்தான் முன்கூட்டியே இழுத்துட்டேன், எஸ்ரா" என்றாய். நான் தொப்பியைக் கையில் பிடித்தபடி, "போகட்டும் விடு" என்று உனக்கு ஆறுதல் சொன்னேன். அதன்பிறகு நீ எந்தக் குதிரையிலும் ஏறவில்லை. ஜூனிப்பரின் வலது கண் கடைசிவரை தெளியவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் முள் குத்தியது என்று சொன்னேன்.

நீ இழுக்கவில்லை, ஓபல். போன ஞாயிறு என் கண்ணால் பார்த்தேன். உன் கை கீழே இருக்கிறது, கடிவாளம் தளர்ந்து கிடக்கிறது. எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருக்கிறது.

சாட்சியைக் காட்டினால் என் தப்பும் கூடவே தெரியும். தெரியட்டும். விழாவன்று மறுபடி படம் போடும்போது எல்லோர் முன்னாலும் அந்த இடத்தில் படத்தை நிறுத்தச் சொல்லி, தாவியது யார், சுண்ணாம்பு பூசியது யார் என்று இரண்டையும் சொல்வேன். "விழாவக் கெடுக்காதீங்க பெரியவரே" என்கிறார் வாலஸ். பலகையில் பெயர் மாறாவிட்டால் பாறை முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன், பதிக்க வருகிறவர்கள் என்னைத் தூக்கிவிட்டுத்தான் பதிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

நீ வந்தால் பஸ் நிலையத்தில் நிற்பேன். என் முகத்தில் விழிக்கப் பிடிக்காவிட்டால் வராதே. அது உன் நியாயம். வந்தாலும் வராவிட்டாலும் நான் சொல்லப்போவதில் ஒரு சொல் குறையாது.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வேறொன்று கேட்கிறேன். பக்கத்துப் பண்ணையில் சாதுவான குதிரை ஏதாவது இருக்கும். யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஒரே ஒரு தடவை ஏறி உட்கார். உன் கை நல்ல கை, ஓபல்.

இப்படிக்கு,
எஸ்ரா
(பெருவிரல் ரேகை)