நாற்பத்தொன்றாம் எண் வீட்டில் எத்தனை பேர்

1911 ஜனவரி 17, செவ்வாய்

நெல் ஆறு மரக்கால் அவித்தேன். நல்ல வெயில், பொழுது சாய்வதற்குள் காய்ந்துவிட்டது. சமையலுக்கு அரிசி அளந்தபோது வழக்கம்போல் இரண்டு பிடி எடுத்து வைத்தேன். ஒன்று ஆலயக் காணிக்கைக் கலயத்தில். மற்றது வீட்டுக்காரர் கலயத்தில். கப்பலிலிருந்து பசியோடு வந்து நிற்பவருக்கு அளந்து பொங்க வேண்டுமே! இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கணக்கப்பிள்ளையாகப் போய் இந்தத் தையோடு ஐந்து வருஷம். கடைசிக் கடிதம் வந்து இரண்டு வருஷம்.

மத்தியானம் பள்ளிக்கூடத்து அருமைநாயகம் வாத்தியார் வந்து கதவில் செங்காவியால் 41 என்று போட்டார். குடிமதிப்பு எடுக்கிறார்களாம். தேசத்தில் எத்தனை ஜனம், யார் யார் என்ன தொழில் செய்து பிழைக்கிறார்கள் என்று சர்க்காருக்குத் தெரிய வேண்டுமாம். பக்கத்து வீட்டு இன்பமணி தன் கதவை மறித்து நின்றுகொண்டாள்.

"ஆட்டுக்குத்தானய்யா காவி போடுவாக, ஆளுக்குமா?"

"ஆட்டை எண்ணுனா விக்கலாம். உன்னை எண்ணி எவன் வாங்கப் போறான்? பைய நகரு."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து எத்தனை நாளாயிற்று?

பிப்ரவரி 14, செவ்வாய்

வாத்தியார் பெரிய தாள்களும் கறுப்பு மையுமாக வந்தார். இது முதல் தடவை எழுதுவதுதானாம். மார்ச் பத்தாம் தேதி ராத்திரி வந்து சரிபார்ப்பாராம்.

"வீட்டுல எத்தனை பேரும்மா?"

"ரெண்டு."

நிமிர்ந்து பார்த்தார். "அவர் வந்தாச்சா?"

"லெந்து நோன்புக்குள்ள வந்துருவாக."

பெயரைச் சொல்லச் சொன்னார். புருஷன் பெயரை எப்படி வாயால் சொல்வது? தாளையும் பேனாவையும் வாங்கி நானே எழுதினேன்: வேதநாயகம். எழுத்து கோணாமல் விழுந்தது. "எங்கன படிச்சிய?" என்று கேட்டார். நானாகத்தான் என்றேன். வீட்டுக்காரர் கடிதத்தை அடுத்தவர் வாசித்துச் சொல்ல வெட்கப்பட்டு, ஞானப்பாட்டுப் புத்தகத்தை வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் பிடித்தேன். வாசிக்க வந்தபோது கடிதம் நின்றுவிட்டது. இதை வாத்தியாரிடம் சொல்லவில்லை.

என் பெயருக்கு நேரே ஜீவனம் என்ற இடத்தில் 'கணவன் சம்பாத்தியம்' என்று எழுதிக்கொண்டார். நானும் தலையை ஆட்டினேன்.

பிப்ரவரி 15

வந்துவிடுவார் என்று யார் எனக்குச் சொன்னது? சர்க்கார் தாளில் பொய். கர்த்தாவே, அதைப் பொய்யாக்காமல் நிறைவேற்றித் தாரும்.

மார்ச் 1, சாம்பல் புதன்

லெந்து தொடங்கிற்று. கப்பல் இறங்கித் தூத்துக்குடி ரயிலில் வந்தவர்கள் தெருவழியே போனார்கள். நம் வீட்டுக்கு ஒருவருமில்லை.

மார்ச் 10, வெள்ளி

இரண்டு பேருக்குப் பொங்கினேன். விளக்கேற்றிக் கதவைத் திறந்தே வைத்திருந்தேன். வாத்தியார் வந்தபோது இடுப்பில் சிவப்பு மைக்கூடு தொங்கிற்று. வீட்டுக்குள் ஒரு பார்வை பார்த்தார்.

"இன்னைக்கு ராத்திரி இங்கன இருக்கிற ஆளுதான் கணக்கும்மா. மனசுல ஒண்ணும் நினைக்காதிய."

"அடிச்சிட்டா அவுக எங்கயுமே இல்லாம போயிருவாகளே, ஐயா."

"அப்படி இல்ல. இலங்கையிலயும் இன்னைக்கு ராத்திரிதான் எண்ணுதாக. அங்கன ஏதோ ஒரு வீட்டுல எழுதிருப்பாக. ஒரு ஆளை ரெண்டு வீட்டுல எழுதப்படாது."

நான் எழுதிய பெயரின் மேல் சிவப்புக் கோடு. விளக்கைப் பிடித்திருந்தவள் நான்தான்.

போகத் திரும்பியவர் உரலையும், பாயில் குவிந்திருந்த அரிசியையும் பார்த்தார்.

"இதை யார் குத்துதா?"

"நாந்தான்."

"விக்கிறது?"

"அதுவும் நாந்தான்."

"தொழிலைக் கேட்டேன்லா, ஏன் சொல்லல?"

"இது வீட்டு வேலைதானய்யா."

"வாரத்துக்கு ஒரு கோட்டை நெல்லு வீட்டு வேலையா? இலங்கையிலருந்து பணம் வருதா?"

பாயில் சிதறிய அரிசியைக் கையால் ஒதுக்கினேன். மறுபடி சிவப்பு மையைத் தொட்டார். கணவன் சம்பாத்தியம் என்பதை அடித்துவிட்டு, 'நெல் குத்தி அரிசி விற்பது' என்று எழுதினார். வீட்டில் ஆள்: ஒன்று.

மிஞ்சிய சோற்றில் நீர் ஊற்றி வைத்தேன்.

மார்ச் 12, ஞாயிறு

ஆலயத்தில் மனம் நிற்கவில்லை. ஏதோ ஒரு வீடு என்றாரே, எந்த வீடு? அங்கேயும் ஒருவர் விளக்கைப் பிடித்திருப்பார். கலியாணம் ஆயிற்றா என்று கேட்டிருப்பார்கள். ஆயிற்று என்றுதானே அவர் சொல்லியிருப்பார். இருக்கிறார் என்று தெரிந்தால் போதும் எனக்கு. அது போதும்.

ஏப்ரல் 18, செவ்வாய்

உயிர்த்தெழுந்த பண்டிகையின் மூன்றாம் நாள். வள்ளியூர்ப் பக்கத்து ஆள் ஒருவன், மாடக்கண்ணு, அரிசி வாங்க வந்தான். இலங்கையிலிருந்து போன வாரம்தான் திரும்பினானாம். எந்தத் தோட்டம் என்றேன். அவர் இருக்கும் தோட்டந்தான்! அளந்துகொண்டே, அங்கேயும் ஆளை எண்ணினார்களா என்று கேட்டேன்.

"எண்ணாமலா? எங்க லயத்து வீடுகளை எண்ணுனதே வேதநாயகம் கணக்கப்பிள்ளை ஐயாதான். எல்லாத்தையும் எழுதிட்டு, நம்ம வீட்டுல நாலு பேருன்னு சிரிச்சுக்கிட்டே எழுதுனாக. சின்னதுக்கு இன்னும் பேரு வைக்கலலா, பேரு எழுதுத இடத்துல பிள்ளைன்னே போட்டுட்டாக."

படி என் கையில் நின்றுவிட்டது.

"இது ஆறாவது படியா, ஏழாவதாம்மா?"

எனக்குத் தெரியவில்லை. ஒருநாளும் அளவு தப்பாத எனக்கு. இன்னும் இரண்டு படி போட்டு அனுப்பினேன். நான் யார் என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நாலு பேராம்லா. அவுக, அவ, ரெண்டு பிள்ளைக. நாலு. நான் இங்கன ஒத்தையில உலக்கையைப் பிடிச்சிக்கிட்டு — எம்மா, எத்தனை பிடி அரிசி, எத்தனை பிடி!

ஏப்ரல் 19

உயிரோடு இருந்தால் போதும் என்று நான்தானே ஜெபித்தேன்? கேட்டதைக் கர்த்தர் கொடுத்திருக்கிறார். குறை சொல்ல வாயில்லை.

கதவைச் சாத்திவிட்டு அந்தப் பெயரை உரக்கச் சொன்னேன். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பார்கள். ஆயுசு குறையட்டும் என்று சொல்லவில்லை, கர்த்தர் அறிவார். வாய்விட்டுச் சொன்னால் யாராவது திரும்பிப் பார்ப்பார்களா என்று பார்த்தேன்.

ஏப்ரல் 24

வேலை. வேலை மட்டும்.

மே 2, செவ்வாய்

அவர் கலயத்து அரிசியைப் பொங்கி, ஆற்றில் குளிக்க வந்த பரதேசிகளுக்குப் போட்டேன். கலயத்தைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று.

இந்த வாரம் நெல் இரண்டு கோட்டை. தனியாக முடியாது என்று இன்பமணியை மறு உலக்கைக்குக் கூப்பிட்டேன். "கூலி உண்டுமா, இல்லை ஜெபந்தானா?" என்றாள். உண்டு என்றேன். கதவில் காவி எண் மங்கிவிட்டது என்று அவள்தான் காட்டினாள். செங்காவி குழைத்து 41 என்று நானே மேலெழுதினேன்.

பொழுது சாய உலை வைத்தேன். அரிசி அளந்து ஒரு பிடி எடுத்தேன். ஆலயக் கலயத்தில் போட்டேன். கை மறுபடியும் அரிசிக்குள் போயிற்று. வெறுங்கையாக வெளியே எடுத்துக்கொண்டேன்.